கார்டு இருந்தது, படம் வரவில்லை

பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்த கையோடு சங்கரன்கோவிலில் ஒரு வீட்டு பிளான் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அதே ஆபீஸ், அதே நாற்காலிதான். ஓனர் மனையை அளந்துகொண்டு வருவார். நான் கம்ப்யூட்டரில் கோடு போட்டு, ரூமுக்கு அளவு எழுதி, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன்.

பிளான் பார்க்கப் பெரும்பாலும் ஆண்கள்தான் வருவார்கள். சில சமயம் மனைவியையும் கூட்டிவருவார்கள். அந்த அம்மா ஓரடி தள்ளியே நிற்பார். நான் தாளை அவர் பக்கம் திருப்பி, இது ஹால், இது அடுப்படி, இது மாடிப்படி என்று பேனாவால் தொட்டுக் காட்டுவேன். அவர் தாளைப் பார்ப்பார், புருஷனைப் பார்ப்பார், நல்லாருக்கு என்பார். அந்தக் கோடுகளில் அவருக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். அடுத்த ஆள் காத்திருப்பார்.

பனவடலிசத்திரத்தில் நான் பிளான் போட்ட ஒரு வீட்டுக்குப் பால் காய்ப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வீட்டு அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு அழைத்துப் போனார். பட்டப்பகலில் லைட் எரிந்துகொண்டிருந்தது. "இம்புட்டு இருட்டா இருக்கும்னு அந்தத் தாள்ல தெரியலையேம்மா," என்றார். குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். பாயசம் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தச் சொல் கூடவே வந்தது.

அதற்குப் பிறகு ஓனர் ஆபீசைத் திருநெல்வேலிக்கு மாற்றினார். தினமும் போய்வர எனக்குத் தோதுப்படாது. வீட்டிலிருந்தே பிளான் போடுவது என்று முடிவு செய்தேன். அப்போதுதான் முப்பரிமாணத்தில் வீட்டைக் காட்டும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். சுவர் எழுப்பலாம், ஜன்னல் வைக்கலாம், எந்தத் திசையில் வெயில் விழும் என்றுகூடப் பார்க்கலாம். வீட்டுக்குள் நடந்துபோகிற மாதிரி காட்டலாம். எனக்கு வேண்டியது அதுதான்.

கம்ப்யூட்டர், மூடப்போகிற ஒரு பிரவுசிங் சென்டரில் கிடைத்தது. பையன்கள் கேம் விளையாடிய மெஷின். அதற்குள் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தது. திரையில் படம் வரைகிற வேலைக்கென்றே இருக்கிற பலகை அது. விற்றவர், இது இருந்தால் எந்தப் படமும் பறக்கும் என்றார். என் வீட்டுக்காரர் மினி பஸ் ஓட்டுகிறார். கடைசி டிரிப் முடித்து வரும்போது பின் சீட்டில் வைத்து, சேலையைச் சுற்றி, குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தார்.

வீட்டில் மேஜை போட ஒரே இடம்தான் இருந்தது. பின்சுவரை ஒட்டிய இடம். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். காலையிலிருந்து சாயங்காலம் வரை தறி ஓடும். புதிதாக வருகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்ன சத்தம் என்று கேட்பார்கள். எங்களுக்கு அது நின்றால்தான் காதில் விழும்.

மெஷினில் ஏற்கெனவே இருந்த சிஸ்டம் திறக்கவே நேரம் எடுத்தது. நடுநடுவே யாரோ வைத்துவிட்டுப் போன விளம்பரங்கள் குதித்தன. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். அதுவும் இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து செய்தது. பென்டிரைவில் இறக்கி, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒரு முற்பகலில் போட்டு முடித்தேன். அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சாயங்காலம் மகள் வந்ததும் திரையைக் காட்டினேன். அவள் பின்னணிப் படம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.

சந்தோஷம் மறுநாள் வரைக்கும்தான். முப்பரிமாண மென்பொருளைப் போட்டு ஒரு சின்ன வீட்டைக் கட்டினேன். நாலு சுவர், கூரை, கதவு. அதைத் திருப்பிப் பார்க்க மவுசை நகர்த்தினால் வீடு திரும்பவே இல்லை. நகர்த்திவிட்டுப் போய் உலை வைத்துவிட்டு வந்தால், கொஞ்சம் திரும்பியிருக்கும். எந்தக் கார்டு வேலை செய்கிறது என்று காட்டுகிற இடத்தைத் தேடிப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. கார்டு பெட்டிக்குள் இருந்தது. விசிறி சுற்றுவதை எட்டிப் பார்த்தேன். ஆனால் சிஸ்டத்துக்கு அது இருப்பதே தெரியவில்லை.

இணையத்தில் தேடினேன். அந்தக் கார்டுக்கு உரிய டிரைவரைப் போட வேண்டும் என்று இருந்தது. கார்டும் சிஸ்டமும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள நடுவில் இருக்கிற மென்பொருள் அது. ராத்திரிச் சாப்பாட்டின்போது, நாளைக்கு டிரைவர் போடணும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "நான் இருக்கும்போது வேற டிரைவர் என்னத்துக்கு?" என்றார். அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் இதையே சொல்லிச் சிரித்தார்.

எனக்கு அவசரம் இருந்தது. சொந்தமாகத் தொழில் தொடங்கியபின் கிடைத்த முதல் வேலை கையில் இருந்தது. புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்கிற ஒரு அண்ணாச்சி, வீடு கட்டப்போகிறார். வீட்டுக்காரரின் பஸ்ஸில் ஒருநாள் வந்தவர், பேச்சுவாக்கில் பிளான் சங்கதி தெரிந்து வேலையைக் கொடுத்துவிட்டார். லினக்ஸ் போட்ட அன்றைக்கே உட்கார்ந்து கோட்டுப் படத்தை முடித்திருந்தேன். புதன்கிழமை மனைவியோடு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர்களுக்கு வீட்டையே திருப்பிக் காட்டலாம் என்று நான் நினைத்துவைத்திருந்தேன்.

டிரைவரை எங்கே வாங்குவது? கார்டு செய்த கம்பெனியின் தளத்தில்தான் என்று எனக்குத் தோன்றியது. மிக்ஸிக்கு ஜார் வேண்டுமென்றால் மிக்ஸி கம்பெனியைத்தானே கேட்போம். போனேன். இருப்பதிலேயே புதியதை இறக்கினேன். அதை ஓடவைக்க என்னென்ன வரிகள் அடிக்க வேண்டும் என்று ஒரு இணையப் பக்கத்தில் இருந்தது. கறுப்பு ஜன்னலில் அந்த வரிகளை ஒவ்வொன்றாக அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தால் எழுத்து ஒன்றும் வரவில்லை, புள்ளிகூட வரவில்லை. கீபோர்டு செத்துவிட்டதென்று வயரைப் பிடுங்கிச் செருகினேன். அப்புறம்தான், அது அப்படித்தான், அடிப்பது வெளியே தெரியாது என்று படித்தேன். நடுவில் ஏதோ எச்சரிக்கை வந்தது. முழுதும் புரியவில்லை. சரி என்று இருந்ததை அமுக்கினேன். இன்னொன்று வந்தது. அதற்கும் சரி. முடிந்துவிட்டது என்று காட்டியதும் ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

திரை கறுப்பாக வந்தது. இடது மூலையில் மட்டும் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மின்னி மின்னி மறைந்தது. கொஞ்ச நேரம் பார்த்திருந்தேன். அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே கோடு. இன்னொரு முறை. அதே கோடு.

என்ன செய்துவிட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சோற்றைக் குழைய விட்டால் எங்கே தப்பு என்று தெரியும். இதில் எங்கே கை வைத்தேன், எது போனது, ஒன்றும் தெரியவில்லை. பெட்டியின் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். கருகின வாடை இல்லை. அண்ணாச்சியின் பிளானும் அதற்குள்ளேயே இருந்தது. பிரதி எடுத்து வைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தமிழில் லினக்ஸ் பேசுகிற ஒரு குழுவில் சேர்ந்திருந்தேன். செல்போனில் செய்தி போட்டால் தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். சிஸ்டம் போடுவதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான் பதில் சொன்னார். படம் இருக்கிற இடத்தில் ஒரு மல்லிச்செடித் தொட்டி. பெயர் இருக்கிற இடத்தில் ஒரு புள்ளி. பதில்கள் சுருக்கமாக, தெளிவாக இருக்கும். சென்னையிலோ வெளிநாட்டிலோ பெரிய கம்பெனியில் இருக்கிறவர் என்று நானாக நினைத்து, ஒவ்வொரு செய்தியிலும் சார், சார் என்று எழுதிவந்தேன்.

நடந்ததை எழுதினேன். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். கறுப்புத் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கம்பெனி தளத்திலிருந்து நேராக இறக்கினீர்களா என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற வேலைதான் அது, எதுவும் எரியவில்லை, எதுவும் அழியவில்லை என்று எழுதினார். அந்த வரியைப் படித்த பிறகுதான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

மெஷினை அணைத்துப் போட்டு, அது எழும்போது எஸ்கேப்பைத் தட்டினால் வருகிற எழுத்துத் திரையில் அடிக்கச் சொல்லி ஒரு வரி அனுப்பினார். அடித்தேன், அப்படி ஒன்று கிடையாது என்று வந்தது. திரும்பவும் அடித்தேன். போட்டோவைப் பார்த்து, ஒன்று என்கிற எண்ணையும் எல் என்கிற எழுத்தையும் நான் மாற்றிப் போட்டிருக்கிறேன் என்றார். அடுத்த வரியில் இடைவெளி விட வேண்டிய இடத்தில் விடவில்லை. இப்படியே போனால் விடிந்துவிடும், போன் பண்ணுங்கள் என்று ஒரு நம்பர் அனுப்பினார்.

அந்த நம்பரைப் பார்த்தபடி இருந்தேன். முன்பின் தெரியாத ஆம்பிளைக்கு வீட்டில் தனியாக இருக்கும்போது எப்படிப் போன் பண்ணுவது? உதவி செய்கிறவரை அப்படி நினைப்பதும் சங்கடமாக இருந்தது. நல்லவேளையாக மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்காரர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "பேசு. நான் இங்கனதான இருக்கேன்," என்று தட்டை எடுத்துக்கொண்டு மேஜைப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

மறுமுனையில் ஒரு பெண் குரல், அங்கன என்ன சத்தம் என்று கேட்டது. தறி என்றேன். எங்க ஊரிலும் அதுதான் என்றது.

"சார் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"எந்த சாரும்மா? நாந்தான் பேசுதேன்."

வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. நான் தலையில் தட்டிக்கொண்டே, இவ்வளவு நாளும் சார் என்று எழுதினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"சொன்னா கேள்வி வாரது நின்னு போயிரும், குட் மார்னிங்கா வர ஆரம்பிச்சிரும்," என்றார். "சாராவே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்."

கடையநல்லூரில் இருந்தார். பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர் என்று பேச்சில் தெரிந்தது. அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அந்த வழி வேண்டாம் என்று அக்கா முதலில் மெஷினை அணைத்துப் போடச் சொன்னார். பழைய கோடு வந்ததும், கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேல் வரிசையில் எஃப் மூன்றைத் தட்டச் சொன்னார். தட்டினேன். மின்னிக்கொண்டிருந்த கோடு போய், திரையில் எழுத்துகள் வந்தன. என் பெயரைக் கேட்டது. படம்தான் போயிருக்கிறது, சிஸ்டம் உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது என்று விளக்கினார். அண்ணாச்சியின் பிளான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். ஒரு சின்ன வரி சொன்னார். அடித்தேன். நான் வைத்த பெயரிலேயே அந்தக் கோப்பு வரிசையில் நின்றது. அதைப் பார்த்ததும் நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்தேன். அதுவரை நுனியில் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

இனிமேல் இணையம் வேண்டும் என்றார். என் போனில் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் தன் போனை எடுத்து, அதன் இணையம் மெஷினுக்கு வருகிற மாதிரி வயரில் மாட்டிக் கொடுத்தார். அவருக்கு டிரிப்புக்கு நேரமாகிவிட்டது. போன் இல்லாமல் எப்படி என்றேன். "ஒரு நட போயிட்டு வரதுக்குள்ள யாரு என்னயத் தேடப்போறா?" என்று சொல்லிவிட்டு, கை கழுவி, சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் நானும் அக்காவும் மட்டும்தான். அவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். எஸ், யூ, டி, ஓ, இடம் விடு. சின்னக் கோடு என்றால் ஒரு தடவை தட்ட வேண்டும், ரெண்டு சின்னக் கோடு என்றால் இரண்டு தடவை. அடித்ததை நான் திருப்பி வாசிப்பேன். சரி என்று அவர் சொன்ன பிறகுதான் என்டரைத் தட்டுவேன். நான் போட்ட டிரைவரை முதலில் கழற்றினோம். பிறகு, இந்தக் கார்டுக்கு எது பொருந்தும் என்று சிஸ்டத்தையே கேட்கிற ஒரு வரி அடித்தோம். நாலைந்து பதில் வந்தது. எண்களைப் படிக்கச் சொன்னார். படித்தேன். நான் போட்டது அதில் இல்லவே இல்லை.

"ஒங்க கார்டு கொஞ்சம் பழசு," என்றார். "புதுசா வார டிரைவர்ல இத விட்டுட்டாங்க. இதுக்குன்னு ஒண்ணு தனியா வச்சிருக்காங்க. அதத்தான் போடணும். கம்பெனி தளத்துக்குப் போகவே வேண்டாம், சிஸ்டத்துக்குள்ளயே கடை இருக்கு."

போட ஆரம்பித்தோம். வரிகள் சரசரவென்று ஓடின. நடுவில் நீலமாக ஒரு கட்டம் வந்து, ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. அக்கா அதை முன்பே சொல்லியிருந்தார். வெளியிலிருந்து எது வந்தாலும் தடுக்கிற பூட்டு ஒன்று மெஷினுக்குள் இருக்கிறது, டிரைவர் நம்ம ஆள்தான் என்று அதற்கு நாம் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தப் பாஸ்வேர்டு. வைத்தேன். மறுபடியும் வரிகள் ஓடின.

அப்போது தறி நின்றது. சத்தம் நின்ற அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. விசிறி நின்றது. மேஜைக்கு அடியில் இருந்த பழைய யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

கரண்டு போயிட்டுக்கா என்றேன்.

"ஒண்ணும் தொடாத. அது எவ்வளவு நேரம் தாங்கும்?"

தெரியாது என்றேன். மெஷினோடு சேர்த்து வந்தது, ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை.

"அப்ப பாத்துக்கிட்டு இருப்போம்," என்றார். அவர் குரலில் பதற்றம் இல்லை. திரையில் ஒரு வரி அப்படியே நின்றது. கார்டுக்குத் தகுந்த மாதிரி உள்ளே கட்டுகிற வேலை அது, நேரமாகும் என்றார்.

அந்த இடைவெளியை நிரப்ப, இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். படிக்கவில்லை என்றார். ப்ளஸ் டூவோடு கல்யாணம். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஒருமுறை ஊருக்கு வந்தபோது, யாரிடமோ வாங்கிய ஒரு பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதில் லினக்ஸ்தான் இருந்தது. வீடியோ காலில் கணவர் முகம் அக்காவுக்குத் தெரியும், அக்கா முகம் கணவருக்குத் தெரியாது. கேமரா வேலை செய்யவில்லை. அப்போது அக்கா கையில் பட்டன் போன்தான். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார், இந்த சிஸ்டம் எங்களுக்குத் தெரியாது, மாற்றித் தருகிறோம் என்றார்கள். மாற்றினால் கணவர் அனுப்பிவைத்த போட்டோக்கள் போய்விடுமோ என்று பயந்து திருப்பி எடுத்துவந்துவிட்டார். பிறகு அக்காவே உட்கார்ந்து தேடினார். இங்கிலீஷில் இருந்ததை அகராதி வைத்துப் படித்தார்.

"பிள்ள பொறந்து ஏழெட்டு மாசம். அத அவுக பாக்கல," என்றார். "அந்தக் கேமரா வந்த அன்னைக்குப் பிள்ளயத் தூக்கி முன்னால காட்டுனேன். அவுக பேசவே இல்ல. லைன் கட்டாயிட்டோன்னு நெனச்சு நான் ஹலோ ஹலோன்னு கத்துதேன். பாத்தா அழுதுட்டு இருக்காவ."

யூபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது. நின்றிருந்த வரி நகர்ந்தது. அடுத்தடுத்து நாலு வரி வந்து, கடைசியில் என் பெயரோடு அந்தச் சின்னக் கோடு வந்து நின்று மின்னியது. முடிந்துவிட்டது என்றேன். உடனே அணைக்கச் சொல்லி ஒரு வரி சொன்னார். அடித்தேன். மெஷின் ஒழுங்காக அணைந்தது. யூபிஎஸ் அதற்கப்புறம் இரண்டு தடவை கத்திவிட்டு அதுவும் ஓய்ந்தது.

கரண்டு வந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்லிவைத்தார். மெஷினைப் போட்டதும் நீலத் திரை வரும், முதல் வரியில் மேலே தொடரவா என்று கேட்கும், அதை அமுக்கிவிடாதே, இரண்டாவதுக்குப் போ, கொஞ்ச நேரம்தான் நிற்கும், பராக்குப் பார்க்காதே. அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, தொழுதுவிட்டுப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். காப்பி போட்டேன். துணி மடித்தேன். தறி மறுபடி ஓடத் தொடங்கியதும் மடித்துக்கொண்டிருந்த பாவாடையை அப்படியே போட்டுவிட்டு மேஜைக்கு வந்தேன். நீலத் திரை வந்தது. இரண்டாவது வரிக்குப் போனேன். நான் வைத்த பாஸ்வேர்டைக் கேட்டது. சரி என்றது. மெஷின் தானாக அணைந்து எழுந்தது. திரை கறுப்பானது. பிறகு அந்தப் பின்னணிப் படம் வந்தது. எழுத்தெல்லாம் முன்னைவிடச் சிறிதாக, கூர்மையாக இருந்தது. கண்ணாடி மாற்றிய மாதிரி இருந்தது.

முப்பரிமாண மென்பொருளைத் திறந்தேன். காலியாக இருந்த இடத்தில் கார்டின் பெயர் இருந்தது. அதில் டிக் போட்டுவிட்டு, அந்த நாலு சுவர் வீட்டின்மேல் மவுசை வைத்து இழுத்தேன். வீடு திரும்பியது. கை போகிற பக்கமெல்லாம் போனது. தலைகீழாகத் திருப்பினேன். உள்ளே போய்க் கூரையைப் பார்த்தேன். மகள் வந்து, எனக்கு எனக்கு என்று மவுசைப் பிடுங்கினாள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், "வந்துட்டா?" என்று கேட்டார். வந்துட்டுக்கா என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, பிளானைப் பென்டிரைவில் ஒரு பிரதி போட்டுவை என்றார். அதைத்தான் அன்றைக்கு முதலில் செய்தேன்.

அண்ணாச்சியின் வீட்டை எழுப்ப அடுத்த இரண்டு நாளும் சரியாக இருந்தது. சோறும் ரசமும்தான் வீட்டில். வீட்டுக்காரர் அதையே சாப்பிட்டார். வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, படியைப் போட்டுட்டியா, மாடியைப் போட்டுட்டியா என்று விசாரித்துக்கொண்டார்.

புதன்கிழமை அண்ணாச்சியும் அவர் மனைவியும் வந்தார்கள். ஒரு பை எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார்கள். வழக்கம்போல அந்த அம்மா ஓரடி தள்ளி நின்றார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து அவரை உட்காரச் சொன்னேன். அண்ணாச்சி, அவளுக்கு என்ன தெரியும், எனக்குக் காட்டுங்க என்றார். இதில் பார்த்தால் எல்லோருக்கும்தான் தெரியும் அண்ணாச்சி என்று சொல்லி, வாசலிலிருந்து ஆரம்பித்தேன். கேட், நடை, ஹால். அண்ணாச்சி, முன்பக்கத் தூண் நல்லா எடுப்பா இருக்கு என்றார். அவர் மனைவி முதலில் சிரித்தார். சினிமா மாதிரி இருக்கு என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார்.

அடுப்படிக்குக் கூட்டிப்போனேன். வெளிச்சம் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அங்கே அவர் ஒன்றும் கேட்கவில்லை. நல்லாருக்கு என்றார். திரும்பி வரும் வழியில், நில்லுங்க என்றார். மாடிப்படிக்கு அடியில் சாமான் போடுவதற்கென்று ஒரு சின்ன இடம் விட்டிருந்தேன். கதவு வைக்கவில்லை.

அது என்னது என்று கேட்டார். சொன்னேன். ஆள் நிற்கலாமா என்றார். படி உயரமாக இருக்கிற பக்கம் நிற்கலாம், மற்றப் பக்கம் உட்காரலாம், ஒரு கட்டில் போடலாம் என்றேன். உள்ளே போய்க் காட்டச் சொன்னார். காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே இருந்தோம்.

"இங்கன ஒரு கதவு வைங்க," என்றார். "தாப்பா உள்பக்கம் இருக்கணும்."

அண்ணாச்சி எதற்கு என்றார். அந்த வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம் எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பழம் வாங்க, விற்க வருகிறவர்களுக்கு நாள் முழுக்கக் காப்பி போவதும் தெரியும்.

"மத்தியானம் ஒரு அரமணி நேரம் கதவச் சாத்திட்டுப் படுக்கணும்ங்க," என்றார். "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நான் ஒரு கதவயும் சாத்துனது இல்ல."

அண்ணாச்சி சிரிக்கத் தொடங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். திரையைப் பார்த்தார். மீசையைத் தடவினார். "சன்னல் ஒண்ணும் சேத்து வைங்கம்மா, வேத்து ஊத்தும்," என்றார் என்னிடம்.

அவர்கள் இருக்கும்போதே கதவை வைத்தேன், கிழக்குப் பார்த்து ஒரு ஜன்னலும் வைத்தேன். அந்த அம்மாவிடம் மவுசைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். முதலில் சுவருக்குள் போனார், கூரைக்கு மேல் போனார். பிறகு பிடிபட்டது. அறைக்குள் போய் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே நான் சும்மா நட்டுவைத்திருந்த ஒரு மரம் தெரிந்தது. இந்த மரமும் உண்டா என்று கேட்டார். நட்டால் உண்டு என்றேன்.

அந்த வீடு இப்போது கதவு, ஜன்னல்களுக்கு மேலே வருகிற லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்து அவர்கள் சொந்தக்காரர் ஒருவர் ராயகிரியில் கட்டப்போகிற வீட்டுக்கு என்னிடம் வந்தார். வேலை நிறைய வருகிறது என்று சொல்ல மாட்டேன், வந்துகொண்டிருக்கிறது. மெஷினில் பிறகும் ஒருமுறை படம் போனது. சிஸ்டம் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட பிறகு, டிரைவர் அதோடு ஒட்டவில்லை. அன்றைக்கு யாருக்கும் போன் பண்ணவில்லை. எழுத்துத் திரைக்குப் போய், மெதுவாக, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்து அடித்துச் சரிசெய்தேன். சாயங்காலம் அக்காவிடம் சொன்னபோது, பரவாயில்லையே என்றார். அவர் அதிகம் பாராட்டுகிறவர் இல்லை.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். லேப்டாப் தையல் மெஷின் மேல் இருந்தது, லேப்டாப்பின் மூடி ஒரு பக்கம் விட்டுப்போய் டேப் ஒட்டியிருந்தது. கேள்விகள் வந்து குவிந்துகிடந்தன. பேசிக்கொண்டே பதில் போட்டார். பையன் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டான். டீயும் சம்சாவும் வந்தது. நடுவில் அவர் கணவர் வீடியோவில் வந்தார். சங்கரன்கோவில்லேருந்து வந்திருக்கா, வீடு பிளான் போடுதவ என்று என்னைக் காட்டினார். கணவர் சலாம் சொல்லிவிட்டு, அடுத்த வருடம் ஊரோடு வந்துவிடலாம் என்றிருக்கிறேன், மாடியில் இரண்டு ரூம் எடுக்க முடியுமா என்று கேட்டார். இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர், ஹால் பெரிதாக வேண்டும், நண்பர்கள் வருவார்கள் என்று ஆரம்பித்தார்.

கால் முடிந்ததும் அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "அவுக சொல்லுறது கெடக்கட்டும்," என்றார். "மேல வா, நான் சொல்லுதேன்."

கைப்பையில் எப்போதும் அளக்கிற டேப் வைத்திருப்பேன். மொட்டைமாடிக்குப் போனோம். வெயில் இறங்கியிருந்தது, மேற்கே மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. கொடியில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, டேப்பின் நுனியை அக்கா கையில் கொடுத்தேன். எங்கே வைக்க என்று கேட்டார். சுவர் மூலையில் என்றேன். அவர் குனிந்து நுனியை மூலையில் வைத்து, கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் டேப்பை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தேன்.